510511 பகா எண்தானா?

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எல்லைச் சாவடிப் பக்கம் ஒருவர் 510511 என்ற எண் கொண்ட லாட்டரிச் சீட்டை வைத்திருக்கிறார். 'இது பகா எண், எதனாலும் வகுபடாது, பரிசு நிச்சயம்' என்று சொல்லி அச்சிட்ட விலையைப்போல் நான்கு மடங்கு கேட்கிறார். 2 முதல் 17 வரை கால்குலேட்டரில் வகுத்தும் காட்டினார். வாங்கலாமா ஐயா?"

வாங்காதீர்கள். அது பகா எண்ணே அல்ல. 19-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 26,869 வரும். அதுவும் 97-ஐ 277-ஆல் பெருக்கினால் வருவதுதான்.

அவர் 17-இல் நிறுத்தியதில்தான் சூது இருக்கிறது. 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகியவற்றைப் பெருக்கினால் 510510. அதோடு ஒன்றைக் கூட்டியதுதான் உங்கள் எண். ஆகவே இந்த ஏழில் எதனால் வகுத்தாலும் மீதி 1. இன்னும் இரண்டு படி போயிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆறு இலக்க எண் ஒன்று பகா எண் என்று அடித்துச் சொல்ல, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். இதற்கு 714 வரை, அதாவது 127 பகா எண்கள்.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 511-இல் 510 போக 1. இந்த விடை 7, 11, 13 ஆகியவற்றில் எதனால் வகுபடுகிறதோ, முழு எண்ணும் அதனால் வகுபடும். மூன்றையும் பெருக்கினால் 1001 என்பதே காரணம். 345345 போன்ற எண்ணில் விடை பூஜ்யம் வரும். பலர் இங்கே தடுமாறுகிறார்கள். பூஜ்யம் வந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. எண் 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும் என்றே பொருள். 345345 என்பது 345-ஐ 1001-ஆல் பெருக்கியது. 'ஃபேன்சி நம்பர்' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும், மூன்று இலக்கம் இருமுறை வரும் இத்தகைய எண்களில் ஒன்றுகூடப் பகா எண்ணாக இருக்க முடியாது. இவ்வளவு எளிய கணக்கைத் தேர்வில் வராது என்று பள்ளிகள் ஒதுக்கிவிடுகின்றன. அந்த அறியாமைதான் இத்தரகர்களின் முதல்.

உண்மையான பகா எண்ணே கிடைத்தாலும் பயனில்லை. 9 லட்சம் ஆறு இலக்க எண்களில் 68,906 பகா எண்கள் உண்டு; ஏறக்குறைய பதின்மூன்றுக்கு ஒன்று. குலுக்கலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் கேட்பவரை நம்பவே நம்பாதீர்கள். கேரள அரசு லாட்டரிக்கு இணைய விற்பனை கிடையாது, காகிதச் சீட்டு மட்டுமே. பொள்ளாச்சி உறவினருக்கு வாங்கித் தரும் யோசனையும் வேண்டாம்; தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. உங்களுக்காகச் சரியான விலையில் வேறு சீட்டு வாங்கினால், கடையை விட்டு நகரும் முன்பே பின்புறம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.