பழைய படங்களை பிபிஎம்என் மென்பொருளுக்குள் கொண்டுவருவது: கேள்வி பதில்

விசியோ என்ற வரைபட மென்பொருளிலும் பவர்பாயிண்டிலும் கிடக்கும் பழைய செயல்முறைப் படங்களை பிபிஎம்என் மென்பொருளுக்கு மாற்றுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பொதுவான குறியீடுகளால் வரையும் முறைதான் பிபிஎம்என். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், விசியோ ஃப்ளோசார்ட்டை பிசாகி மாடலர் என்ற பிபிஎம்என் மென்பொருளில் இம்போர்ட் செய்தேன். பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பல அம்புகள் எதோடும் ஒட்டாமல் நிற்கின்றன. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு பெரும்பாலும் மூலப் படத்தில்தான் இருக்கும். விசியோவில் அம்பின் முனை பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது வேறு, பெட்டியோடு ஒட்டியிருப்பது வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பெட்டியை இழுத்து நகர்த்திப் பாருங்கள். அம்பும் கூடவே வந்தால் ஒட்டியிருக்கிறது. அம்பு அங்கேயே நின்றுவிட்டால் அது வெறும் கோடு. அந்த முனையைப் பிடித்துப் பெட்டியின் நடுவில் கொண்டுபோய், பெட்டியின் விளிம்பு ஒளிர்ந்ததும் விடுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

படம் பெரிதென்றால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க முடியாது. 2013 பதிப்பிலிருந்து விசியோ பயன்படுத்தும் விஎஸ்டிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பிரதி ஒன்றை எடுத்து, அதன் நீட்சியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பக்கத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதன் அடிப்பகுதியில் ‘கனெக்ட்’ (Connect) என்ற வரிகளைத் தேடுங்கள். இருபுறமும் ஒட்டிய ஒவ்வோர் அம்புக்கும் தொடக்க முனைக்கு ஒன்று, இறுதி முனைக்கு ஒன்று என்று இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் மறுமுனை அந்தரத்தில் தொங்குகிறது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், தொங்கும் அம்புகளின் பட்டியலைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. அம்பின் மேல் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனி எழுத்துப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? அது அம்புக்குச் சொந்தமில்லை. இம்போர்ட்டில் அது தனிக் குறிப்பாக எங்காவது ஒதுங்கும், அல்லது காணாமலே போகும். அம்பை இரட்டைக் கிளிக் செய்து எழுத்தை அதிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி: 2013-க்கு முந்தைய விசியோவின் பழைய விஎஸ்டி கோப்புகள்தான் எங்களிடம் இருக்கின்றன. விசியோ உரிமம் இப்போது இல்லை.

பதில்: லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பார்க்கலாம். ஆனால் அது விஎஸ்டிஎக்ஸாகச் சேமித்துத் தராது. யாரிடமாவது விசியோ 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விஎஸ்டிஎக்ஸாகச் சேமித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் படம் பிழையில்லாமல் இம்போர்ட் ஆகிவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் கடன் விண்ணப்பம் ஒரே நேரத்தில் ஏற்கவும் படுகிறது, நிராகரிக்கவும் படுகிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. ‘பிழையில்லாமல் வந்துவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

சாதாரண ஃப்ளோசார்ட்டில் ‘விண்ணப்பத்தைச் சரிபார்’ என்ற பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள் போனால், படிப்பவர் ‘இது அல்லது அது’ என்று புரிந்துகொள்வார். பிபிஎம்என் அப்படிப் படிக்காது. ஒரு டாஸ்கிலிருந்து, அதாவது வேலைப் பெட்டியிலிருந்து, நிபந்தனையில்லாத இரண்டு அம்புகள் கிளம்பினால் இரண்டு வழியும் சேர்ந்தே ஓடும். ஒன்று மட்டும் ஓட வேண்டுமென்றால் இடையில் எக்ஸ்க்ளூசிவ் கேட்வே (ஒரு வழியை மட்டும் தேர்ந்தெடுக்கும் சாய்சதுரக் குறி) வேண்டும், வெளியே போகும் அம்புகளில் நிபந்தனையும் வேண்டும். இம்போர்ட் கருவி இதை உங்களுக்காக ஊகிக்காது, ஊகிக்கவும் கூடாது.

சேரும் இடத்திலும் இதே கதைதான். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வழிகளும் கேட்வே இல்லாமல் ஒரே டாஸ்கில் வந்து முட்டினால் அந்த டாஸ்க் இரண்டு முறை நடக்கும். வாடிக்கையாளருக்கு ஒரே கடிதம் இரண்டு தடவை போவது இப்படித்தான். இரண்டும் முடியும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் பேரலல் கேட்வே போடுங்கள்.

ஆகவே இம்போர்ட் முடிந்ததும் முதல் வேலை, ஒன்றுக்கு மேற்பட்ட அம்புகள் கிளம்பும் அல்லது சேரும் டாஸ்க்குகள் எல்லாவற்றையும் பார்ப்பது. ஒவ்வொன்றிலும் ‘இரண்டுமா, ஒன்றுதானா?’ என்று அந்த வேலையைச் செய்பவரிடமே கேளுங்கள். படத்தை வரைந்தவரிடம் கேட்டால் போதாது.

கேள்வி: யார் செய்யும் வேலை என்று காட்டும் பட்டைகளாக, வாடிக்கையாளருக்கு ஒரு லேன், எங்கள் அலுவலகத்துக்கு ஒரு லேன் என்று வரைந்திருந்தோம். மாற்றியபின் லேன்களுக்கு இடையிலான அம்புகளை மென்பொருள் சிவப்பாகக் காட்டுகிறது.

பதில்: கருவி அவற்றைத் தனித்தனி பூலாக, அதாவது தனித்தனிச் செயல்முறைகளின் சட்டகங்களாக, மாற்றியிருக்கும். வேலைகளின் வரிசையைக் காட்டும் அம்பான சீக்வென்ஸ் ஃப்ளோ, பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது பிபிஎம்என் விதி. வாடிக்கையாளர் உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர், எனவே தனி பூல்தான் சரி. அந்த அம்புகளை, பூல்களுக்கு இடையே செய்தி போவதைக் காட்டும் மெசேஜ் ஃப்ளோவாக மாற்றுங்கள். ஆனால் இரண்டுமே உங்கள் துறைகள் என்றால், ஒரே பூலுக்குள் லேன்களாகத் திரும்ப வையுங்கள்.

கேள்வி: மேலாளர் வேறொரு கருவியிலிருந்து பிபிஎம்என் கோப்பே அனுப்பினார். கமுண்டா மாடலர் என்ற இன்னொரு பிபிஎம்என் மென்பொருளில் திறந்தால் காட்ட வரைபடம் இல்லை என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா சார்?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. 2011-இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட பிபிஎம்என் 2.0 கோப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. எந்த டாஸ்குக்குப் பிறகு எது என்ற தர்க்கம் ஒரு பகுதி. எந்தப் பெட்டி திரையில் எங்கே, எவ்வளவு அகலம், அம்பு எந்தப் புள்ளிகளில் வளைகிறது என்பது இன்னொரு பகுதி. சில கருவிகள் முதல் பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்கின்றன. கோப்பை நோட்பேடில் திறந்து ‘பிபிஎம்என் டயகிராம்’ (BPMNDiagram) என்ற குறிச்சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அனுப்பியவரிடம் வரைபடத் தகவலோடு மறுபடி ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் தானாக அடுக்கித் தரும் பிபிஎம்என் ஆட்டோ லேஅவுட் என்ற கருவி இருக்கிறது. அது தரும் அமைப்பு அழகாக இருக்காது, ஆனாலும் வேலை நடக்கும்.

கேள்வி: ஏரிஸ் மென்பொருளில் ஈபிசி என்ற வேறொரு முறையில் வரைந்த படங்களை மாற்ற வேண்டும். ஈவென்ட்டுகளை அப்படியே பிபிஎம்என் ஈவென்ட்டுகளாக மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் உருவான ஈபிசி முறையில், ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ‘விலைப்பட்டியல் சரிபார்க்கப்பட்டது’ போல ஒரு நிலை வரும், அதைத்தான் அங்கே ஈவென்ட் என்பார்கள். அதையெல்லாம் பிபிஎம்என்னில் இடையில் வரும் இன்டர்மீடியட் ஈவென்ட்டாக்கினால் படம் வட்டங்களால் நிரம்பி வழியும். தொடக்கத்தையும் முடிவையும் ஈவென்ட்டாக வையுங்கள். ‘இதுவா அதுவா’ என்று பிரியும் எக்ஸ்ஓஆர் பிரிவுக்குப் பின் வருபவற்றை அம்பின் பெயராக்குங்கள். வெளியிலிருந்து ஏதோ வரும்வரை உண்மையிலேயே காத்திருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம்.

கேள்வி: மேடம்தான் பதில் சொல்கிறாரா சார்தானா தெரியவில்லை, மன்னிக்கவும். எங்கள் அலுவலகப் படத்தில் தமிழில் எழுதியவை எல்லாம் மாற்றியபின் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன.

பதில்: சார்தான், பரவாயில்லை. அந்தப் படம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அங்கே கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அவற்றைத் தமிழ்போலக் காட்டுகிறது. எழுத்துரு மாறியதும் வேடம் கலைந்துவிடும். இம்போர்ட்டுக்கு முன்பே மூலப் படத்தில் எழுத்துகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடாக்குங்கள். எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் குறியாக்கம் வேறு.

கேள்வி: ஸ்கேன் செய்த படமும் பிடிஎஃபும் மட்டுமே இருந்தால்?

பதில்: புதிதாக வரையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் படத்தைப் பார்த்து ஒரு வரைவு தரும். ஆனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எது எங்கே போகிறது என்பதை அவை ஊகிக்கின்றன. அம்பு அம்பாகச் சரிபார்க்கும் நேரத்தில் நீங்களே வரைந்து முடித்துவிடலாம். பவர்பாயிண்ட் படமென்றால் நிலைமை பரவாயில்லை. அதில் கனெக்டர் கொண்டு இணைத்திருந்தால் எதோடு எது சேர்ந்தது என்ற தகவல் கோப்பிலேயே இருக்கும்.

கேள்வி: எங்களிடம் 200 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் இம்போர்ட் செய்து முடிக்கச் சொல்கிறார் இயக்குநர்.

பதில்: முதலில் பட்டியல் போடுங்கள்: எது இன்றும் நடக்கும் வேலை, யார் அதற்குப் பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது. பொறுப்பாளர் பெயர் சொல்ல முடியாத படங்களைத் தொடவே வேண்டாம். மீதியில் சிக்கலான இரண்டை எடுத்து முழுவதும் மாற்றிப் பாருங்கள். எளிய படத்தில் சோதித்தால் எல்லாம் சுலபமாகத் தோன்றும். அந்த இரண்டுக்கு ஆன நேரத்தைக் காட்டினால் இயக்குநரிடம் பேசுவதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: மாற்றியபின் பழைய கோப்புகளை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். தணிக்கையில் பழைய பதிப்பைக் கேட்பார்கள். திருத்த முடியாதபடி பூட்டித் தனி ஃபோல்டரில் வையுங்கள், புதிய மாடலின் விளக்கப் பகுதியில் பழைய கோப்பின் பெயரையும் மாற்றிய தேதியையும் எழுதிவிடுங்கள்.