கப்பல் கரையில் நிற்கும் பகலில் ஸ்நோர்கெலிங்: எந்தப் படகில் ஏறுவது?

குரூஸ் கப்பல் ஒரு துறைமுகத்தில் பகல் முழுக்க நிற்கும். அதற்குள் படகேறிப் போய், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டுக் குப்புற மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஸ்நோர்கெலிங் என்பது இதுதான். எந்தப் படகு, யாரிடம் பதிவு செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் பெரும்பாலும் கரீபியன் பக்கம் போய் வந்தவன், அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். எந்தச் சுற்றுலாவைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்?

கேள்வி: அண்ணா, எங்கள் கப்பல் கோசுமெல்லில் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா விலை அதிகமாக இருக்கிறது. வெளியில் பதிவு செய்யலாமா?

பதில்: மெக்சிகோவின் கோசுமெல் தீவு என்றால் தாராளமாகச் செய்யலாம். அங்கே கப்பல் நேராகப் படகுத்துறையிலேயே கட்டும், நீங்கள் பாட்டுக்கு இறங்கி நடந்துவிடலாம். ஆனால் அந்தத் தீவில் கப்பல் கட்டும் துறைகள் மூன்று உண்டு. உங்கள் கப்பல் எந்தத் துறையில் கட்டும், சிறு படகு எங்கிருந்து கிளம்பும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கலாம்.

விலை வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போன படகு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியில் போனவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த ஊருக்கு விமானம் பிடிப்பதும் தங்குவதும் உங்கள் செலவு.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 5 மணிக்குப் புறப்படும் கப்பலில் பெரும்பாலும் 4.30க்கே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். நான் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் கால் வைக்கிற மாதிரிதான் படகைத் தேர்ந்தெடுப்பேன். அதாவது 2.30க்குப் படகு திரும்பியிருக்க வேண்டும். காலை 9 மணிப் படகு பொருந்தும். மதியம் 1 மணிக்குக் கிளம்பும் மூன்றரை மணி நேரச் சுற்றுலா, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கடிகாரம். கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தை வைத்திருக்கிறது, கோடைக்கென்று மாற்றுவதில்லை. கோடையில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வந்திருந்தால், தீவில் 3 மணி என்பது கப்பலில் 4 மணி. உங்கள் கைபேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும். முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். பதிவு செய்யும்போது படகுக்காரரிடமும் ‘இது தீவு நேரமா, கப்பல் நேரமா?’ என்று கேட்டுவிடுங்கள். பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கையில் கட்டிக்கொண்டு போவது என் வழக்கம்.

கேள்வி: நாங்கள் போவது கிராண்ட் கேமன், பெலீஸ் இரண்டுக்கும். அங்கேயும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். டெண்டர் என்கிற சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பெலீஸில் கரையோரக் கடல் ஆழமில்லாததால் கப்பல் நிற்கும் இடமே வெகு தொலைவு. டெண்டரில் வழக்கமாகக் கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் சீட்டு வாங்கி முறைக்குக் காத்திருக்க வேண்டும். வெளியில் 8.30 மணிப் படகைப் பதிவு செய்துவிட்டு, கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரித் துறைமுகத்தில் முதல் தடவை போகிறவர்கள் கப்பல்காரர்களிடமே பதிவு செய்யுங்கள். கூடக் கொடுக்கும் காசு வீணில்லை.

கேள்வி: ‘மூன்றரை மணி நேரம், இரண்டு பவளத்திட்டுகள், கேட்டமரனில் விருந்து’ என்று விளம்பரம். நல்ல சுற்றுலாதானே?

பதில்: கேட்டமரன் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் இன்று அந்தப் பெயரில் வருவது 60, 80 பேரை ஏற்றும் அகலமான பாய்மரப் படகு. ஆட்டம் குறைவு, கழிப்பறை இருக்கும், நிழல் இருக்கும். கடலை ரசித்துக்கொண்டு ஆற அமரப் போய்வர அருமையான படகு. மீன் பார்க்க அது உகந்ததா என்பது வேறு கேள்வி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பயணத்தில் இதே மாதிரி மூன்றரை மணி நேரச் சுற்றுலா ஒன்றில் ஏறினேன். ஆள் சேரும்வரை காத்திருந்தது அரை மணி. போக முக்கால் மணி. மாஸ்க், லைஃப் ஜாக்கெட் கொடுத்து விளக்கம் சொல்ல கால் மணி. இறங்க ஒரே ஏணி, எழுபது பேர். என் முறை வந்து நான் முகத்தைத் தண்ணீரில் வைத்தபோது, முன்னால் போனவர்கள் காலில் மாட்டியிருந்த துடுப்புகள் கிளப்பிய மணலும் நுரையும்தான் தெரிந்தது. நான்கைந்து நீலநிற மீன்கள் கண்ணில் பட்டன. பார்க்கத் தொடங்குவதற்குள் விசில் ஊதி மேலே கூப்பிட்டுவிட்டார்கள். நான் தண்ணீரில் இருந்தது சுமார் இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் பாட்டும் ‘பஞ்ச்’ என்கிற பானமும்.

அடுத்த வருடம் பத்துப் பேர் மட்டும் ஏறும் சின்னப் படகில் போனேன். மூன்று மணி நேரம்தான், ஆனால் மூன்று இடத்தில் நிறுத்தி ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரில் இருக்கவிட்டார்கள். ஒரு கடலாமை புல்லை மேய்ந்துகொண்டிருந்ததை, அது மூச்சுவிட மேலே வந்து மறுபடி இறங்கும்வரை, அசையாமல் மிதந்தபடி பார்த்தேன். அதன் ஓட்டின்மேல் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது. சின்னப் படகில் கழிப்பறை இருக்காது, வெயில் அடிக்கும், அலையில் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது.

பதிவு செய்யுமுன் மூன்றைக் கேளுங்கள்: தண்ணீரில் எத்தனை நிமிடம், படகில் அதிகபட்சம் எத்தனை பேர், தண்ணீரில் கூட வரும் வழிகாட்டிகள் எத்தனை பேர். நேராகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு நீச்சல் தெரியாது, ஆனால் ஆசை நிறைய. எனக்கு ஓரளவு தெரியும். கூட்டிப்போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் இடத்தை அவருக்காகத் தேர்ந்தெடுங்கள். குழுவில் யாருக்கு நீச்சல் குறைவோ அவர் அளவுக்குத்தான் படகும் இடமும் இருக்க வேண்டும். ஆழமில்லாத மணல் தரை, அமைதியான நீர், கால் ஊன்றும் இடம் என்று பாருங்கள். கிராண்ட் கேமனில் திருக்கை மீன்கள் வரும் மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். முதல் தடவைக்கு அது நல்ல இடம். கோசுமெல்லின் பவளத்திட்டுகளில் நீரோட்டத்தோடு மிதக்கும் சுற்றுலா முதல் நாளே வேண்டாம்.

கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு பயிற்சி கொடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் போட்டு, குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைத்து ஐந்து நிமிடம் மூச்சுவிடச் சொல்லுங்கள். முதலில் மூச்சை அடக்கிக்கொள்வார், அது இயல்பு. நான்காவது, ஐந்தாவது மூச்சில் தோள்கள் இறங்கும். அந்தப் பழக்கத்தோடு கடலில் இறங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

படகில் ஏறியதுமே வழிகாட்டியிடம் ‘இவருக்கு நீச்சல் தெரியாது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி அவரே இழுத்துப் போவார். கடைசி நிமிடத்தில் மனைவி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் அவராகவே இறங்குவார்.

கேள்வி: நீரோட்டத்தோடு மிதப்பது என்றால் என்ன? ஆபத்தா?

பதில்: கோசுமெல்லின் மேற்குக் கரையோரம் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். படகு உங்களை ஓரிடத்தில் இறக்கிவிடும், ஓட்டம் உங்களைப் பவளத்திட்டுக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போகும், படகு பின்தொடர்ந்து வந்து வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளும். கால் அடிக்கவே தேவையில்லை, கீழே காட்சி தானாக நகரும். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான்.

ஆனால் ஒரு மீனைப் பார்த்து அங்கேயே நிற்க நினைத்து எதிர்நீச்சல் போடக்கூடாது. இரண்டே நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள், குழுவும் தூரம் போய்விடும். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர் என்று இரண்டு பேர் வருகிறார்களா என்று கேளுங்கள். ஒரே ஒருவர் முன்னால் மட்டும் போகும் படகில் நான் ஏறமாட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 66, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முகம் முழுக்க மூடும் மாஸ்க் மூச்சுவிட எளிது என்கிறார்களே?

பதில்: ஐயா, முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்நோர்கெலிங் பார்ப்பதற்குச் சும்மா மிதப்பது போல இருக்கும், இதயத்துக்கு அது உழைப்புதான். குழாய் வழியே மூச்சை இழுக்கும் சிரமமே சிலருக்கு நுரையீரலில் நீர் கோர்க்கக் காரணமாகலாம் என்று ஹவாயில் ஸ்நோர்கெல் மரணங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் கையைக் காலை உதறித் தத்தளிப்பதில்லை, சத்தமே இல்லாமல் அடங்கிவிடுவார். அதனால்தான் தனியாக மிதக்கக்கூடாது, கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் வேண்டும்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க்கை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாயில் கவ்வும் குழாயை அவசரத்தில் துப்பிவிடலாம், இதை வாரைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, கைகால் திடீரென்று சோர்ந்தாலோ, உடனே மல்லாந்து திரும்புங்கள், மாஸ்க்கைக் கழற்றுங்கள், கையை உயர்த்துங்கள், தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

கேள்வி: படகில் எனக்குக் குமட்டும்.

பதில்: மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயனில்லை. காலி வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். படகின் பின்பாதியில் நடுவாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். பல இடங்களில் மதியத்துக்கு மேல் காற்று கூடும், காலைப் படகே உங்களுக்கு நல்லது.

கேள்வி: மீசை வைத்திருக்கிறேன், மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது. கண்ணாடி வேறு போடுகிறேன்.

பதில்: மாஸ்க்கை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. வாரை இறுக்கினால் இன்னும்தான் ஒழுகும். மூக்குக்கு நேர் கீழே மீசையை ஒரு கோடு அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. சில படகுகளிலேயே வைத்திருப்பார்கள், முன்கூட்டிக் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு போகிறோம். நட்சத்திர மீனைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம் என்கிறார்களே? திருக்கை கொட்டாதா?

பதில்: கோசுமெல்லில் எல் சியேலோ என்ற மணல் பரப்பில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். தயவுசெய்து தண்ணீரிலிருந்து தூக்காதீர்கள். அது தண்ணீரிலிருந்துதான் மூச்சை எடுக்கிறது. ஒவ்வொரு படகிலும் நாலு பேர் தூக்கினால் அதன் கதி என்ன? தூக்கிக் கொடுக்கும் வழிகாட்டியிடம் பிள்ளைகள் முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திருக்கையின் முள் வாலில் இருக்கிறது. மிதித்தால்தான் பெரும்பாலும் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அது தானே விலகிப் போகும். கிராண்ட் கேமன் திருக்கைகள் மனிதரிடம் பழகியவை. மீனவர்கள் அங்கே மீனைச் சுத்தம் செய்து கழிவைப் போட்டதால் கூடத் தொடங்கிய கூட்டம் அது. அன்று எத்தனை கப்பல் வருகிறது என்று துறைமுக அட்டவணையில் பார்த்து, முதல் படகிலேயே போய்விடுங்கள்.

பவளத்தின்மேல் நிற்கவோ பிடிக்கவோ கூடாது. உருண்டைப் பாறை போலத் தெரியும் பவளம் ஒரு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். 2014இல் ஃப்ளோரிடாவில் தென்பட்ட ஒரு திசு அழுகல் நோய் 2018இல் கோசுமெல் வரை வந்து பெரிய பெரிய பவளங்களைக் கொன்றிருக்கிறது. மிஞ்சியிருப்பதை நம் காலில் மாட்டிய துடுப்பு உடைக்கக்கூடாது.

கேள்வி: சன்ஸ்கிரீன் பூசலாமா?

பதில்: கோசுமெல் கடற்பூங்காவுக்குள் வேண்டாம் என்பார்கள். ஹவாயில் பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையையே 2021 முதல் நிறுத்திவிட்டார்கள். நீளக் கை நீச்சல் சட்டையும் முழங்காலுக்குக் கீழ் வரும் உடையும் போதும். குப்புற மிதப்பதால் வெயில் முதலில் பிடிப்பது பிடரியும் முழங்காலின் பின்பக்கமும்தான், அதை மூடுங்கள்.

கேள்வி: அலை அதிகம் என்று கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகாவிட்டால் பணம்?

பதில்: கப்பல்காரர்களிடம் கட்டியது திரும்ப வரும். வெளியில் கட்டும்போது ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். டெண்டர் துறைமுகங்களில் இது அடிக்கடி நடப்பது.

கேள்வி: கப்பலை விட்டு இறங்கிய மறுநாளே விமானம். ஸ்கூபா செய்தவர்கள் உடனே பறக்கக்கூடாதாமே, எங்களுக்கும் அப்படியா?

பதில்: அது அழுத்தக் காற்றைச் சிலிண்டரிலிருந்து மூச்சாக எடுத்து ஆழத்தில் இருந்தவர்களுக்கு. அவர்களுக்கு 12, 18 மணி நேர இடைவெளி சொல்வார்கள். நீங்கள் மேற்பரப்பில் சாதாரணக் காற்றைத்தான் மூச்சாக எடுக்கிறீர்கள். அன்று மாலையே விமானம் என்றாலும் ஏறலாம்.