டீச்சர் பதில்கள்: 'ரன்' என்ற ஒரு சொல்

'ரன்' என்கிற ஆங்கில வினைச்சொல்லுக்கு மட்டும் அறுநூறுக்கு மேல் அர்த்தம் இருப்பதாகப் படித்தேன். உண்மையா டீச்சர்? ஒரு சின்னச் சொல்லுக்கே இப்படி என்றால் நான் எப்போது ஆங்கிலம் கற்றுக்கொள்வது?
– கல்லூரி மாணவி, பெரம்பலூர்

உண்மைதான் அம்மா. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 2011இல் சொன்ன கணக்கு 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். அதற்கு முன்பு, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் அதிக இடத்தைப் பிடித்திருந்தது.

ஆனால் எண்ணைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். வழக்கொழிந்த பொருள், மாலுமிகள் மட்டும் சொல்வது, தொழிற்கூடத்தில் மட்டும் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். அதிலும் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'ஓடு' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஓடுகிறது, டவுன் பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போடலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இவை உங்கள் கையில் இருக்கின்றன.

அடுத்தது 'ஓட்டு'. நமக்கு ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தனியே ஓடுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று என்று இரண்டு வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து 'ரன்' ஆகிவிட்டது. அர்த்தம் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது, 'மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்' என்று கரும்பலகையில் எழுதினால் பையன்கள் சிரிப்பார்கள். அப்பா கடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரா என்று ஒருவன் கேட்பான். அந்த வகுப்பில் மளிகைக் கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். 'உங்க அப்பா கடையை எப்படிப்பா ஓட்டுறாரு?' என்று அவனைக் கேட்டேன். விடியற்காலையில் மொத்தக் கடைக்குப் போவது, கடன் நோட்டில் வரவு வைப்பது, வசூலுக்கு நடப்பது என்று அடுக்கினான். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 'ஓட்டுறாரு' என்று கேட்ட பிறகு 'ரன்ஸ்' என்பதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பதற்குத்தான் உழைக்க வேண்டும். 'ஓடு' உதவாத இடங்கள் அவை. மூக்கு ஒழுகினால் அங்கே 'ரன்' வரும். சர்க்கரை தீர்ந்துபோனால் 'ரன் அவுட் ஆஃப்'. கடைத்தெருவில் பழைய சிநேகிதி எதிர்ப்பட்டால் 'ரன் இன்டு'. வண்டி நாயின் மேல் ஏறிவிட்டால் 'ரன் ஓவர்'. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனாலும் அதே 'ரன் ஓவர்'. பரம்பரையாக வரும் நோய் 'குடும்பத்தில் ரன்' ஆகும். ஆற்றை ஒட்டிப் போகும் சாலையும் 'ரன்'தான். இவற்றைத் தனிச்சொல்லாகப் பொருள் எழுதிப் படிக்காதீர்கள். கூட வருகிற சொல்லோடு சேர்த்து முழு வாக்கியமாகப் படியுங்கள். வழக்கமாக எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வரும் என்று தெரிந்துகொள்வதுதான் மொழிப் படிப்பில் பாதி என்று நான் அடித்துச் சொல்வேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'ரன்' என்பதற்கு ஸ்பிரின்ட், ஜாக், டேஷ், போல்ட், ஃப்ளீ, மேனேஜ், ஆபரேட் என்று கையேட்டில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கூடாது தம்பி. அந்த வரிசை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. நாலணா பொட்டலம் மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் நம்பி மனப்பாடம் செய்கிறார்கள்.

100 மீட்டர் பந்தயத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவது ஸ்பிரின்ட். காலையில் பூங்காவைச் சுற்றி நிதானமாக ஓடுவது ஜாக். மழைத்தூறல் விழுந்ததும் கொடியில் காயும் துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிறோமே, அது டேஷ். தூரம் கொஞ்சம், அவசரம் அதிகம். வெடிச்சத்தத்தில் மிரண்ட குதிரை கட்டறுத்துக்கொண்டு ஓடுவது போல்ட். (2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்த உசேன் போல்ட்டுக்கு அது பிறந்த வீட்டுப் பெயர்!) ஃப்ளீ என்றால் ஆபத்திலிருந்து தப்பி ஓடுவது. அதற்குக் கால் வேண்டும் என்பதில்லை. போருக்குப் பயந்து படகில் ஏறி ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் அந்தச் சொல்தான். அதை வேடிக்கையான வாக்கியத்தில் போட்டுவிடாதீர்கள்.

மேனேஜும் ஆபரேட்டும் ஓட்டுகிற பக்கத்தைச் சேர்ந்தவை. கடையை 'மேனேஜ்' பண்ணுகிறார் என்றால் முதலாளி வேறொருவராக இருக்கலாம். 'ஆபரேட்' பெரும்பாலும் இயந்திரத்துக்கோ பஸ் வழித்தடத்துக்கோ பொருந்தும். தேர்வில் வாக்கியம் கொடுத்து அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணை கேட்டால், இரண்டு கேள்வி மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா? எதற்காக? பாதித் தவறான விடைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

சிவப்புச் சுங்குடிச் சேலையை வெள்ளைச் சட்டையோடு ஊறவைத்துவிட்டேன். 'தி கலர் ஃபேடட்' என்று மகளிடம் சொன்னால், 'ரேன்' என்று திருத்துகிறாள். யார் சொல்வது சரி?
– குடும்பத்தலைவி, மதுரை

மகள் சொல்வதுதான். நாம் இரண்டுக்கும் 'சாயம் போச்சு' என்று சொல்லிவிடுகிறோம், அதனால்தான் குழப்பம். பல மாதம் வெயிலில் காய்ந்து நிறம் மங்கினால் ஃபேட். தண்ணீரில் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறினால் ரன். உங்கள் சட்டை இப்போது ரோஸ் நிறத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். காயவிடாமல் ஈரத்தோடேயே மறுபடி அலசிப் பாருங்கள்.

ஜோலார்பேட்டையில் 'ரன்னிங் ரூம்' என்று ஒரு போர்டு பார்த்தேன். ரயில்வேக்காரர்கள் உடற்பயிற்சி செய்யும் இடமா?
– வாசகர், வாணியம்பாடி

இல்லை, ஓய்வெடுக்கும் இடம். ரயிலோடு பயணம் போகும் லோகோ பைலட், உதவி லோகோ பைலட், கார்டு எல்லாருக்கும் 'ரன்னிங் ஸ்டாஃப்' என்று பெயர். கார்டை இப்போது ட்ரெயின் மேனேஜர் என்கிறார்கள். வெளியூரில் வண்டியை ஒப்படைத்த பிறகு, அடுத்த வண்டி ஏறும்வரை படுத்துத் தூங்க, சாப்பிட ரயில்வே கொடுக்கும் இடம்தான் ரன்னிங் ரூம்.

'பேங்க் ரன்' என்று செய்தியில் வருகிறதே?
– வாசகர், காரைக்குடி

வங்கி திவாலாகப் போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடுவது. போட்ட பணத்தில் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நல்ல வங்கிகூட ஒரே நாளில் அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் ஜனங்கள் வரிசை கட்டினார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கக் கேட்டார்கள், பெரும்பாலும் இணையம் வழியாகவே. அதற்கும் பெயர் ரன்தான்.

அமெரிக்காவில் தேர்தலுக்கு 'ரன்', இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்'. நாம் எதைச் சொல்வது?
– ஆசிரியர், நாமக்கல்

தேர்தலில் 'நிற்கிறார்' என்பதுதான் நம் வழக்கமும். ஆனால் இந்தியப் பத்திரிகை ஆங்கிலத்தில் 'கான்டெஸ்ட்' நன்றாக வேரூன்றிவிட்டது, அதையே எழுதுங்கள்.

இணைச்சொல்லுக்கு எந்த அகராதி வாங்கலாம்? தமிழில் இப்படி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

1852இல் பீட்டர் ரோஜே என்ற மருத்துவர் வெளியிட்ட 'தெசாரஸ்' பெயர் பெற்றது. சொற்களைப் பொருள்வாரியாகக் கூட்டம் கூட்டமாக வைத்தார். நம் நிகண்டுகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதைச் செய்தன. திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று தொகுதி பிரித்து இணைச்சொற்கள் இருக்கும். 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்று, பல பொருள் தரும் சொற்களுக்கே தனித் தொகுதியும் உண்டு. சரஸ்வதி மகால் நூலகம் இருக்கும் ஊரில் இருக்கிறீர்கள், ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்கு, வெறும் தெசாரஸை முதலில் வாங்காதீர்கள். மாணவர்களுக்காகவே போட்ட அகராதி வாங்குங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். இந்த வாரம் 'ரன் அவுட் ஆஃப்', 'ரன் இன்டு' இரண்டுக்கும் உங்கள் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். திருத்தி, அடுத்த இதழில் போடுகிறேன்.