சிசேரியனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்களே, கட்டாயம் ஏற்றுவார்களா?

பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். ஆனாலும் ஏற்பாடு செய்து வையுங்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மனைவிக்கு இரண்டாவது சிசேரியன். ஹீமோகுளோபின் 9.6, போதாததற்கு ஸ்கேனில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கம் இறங்கியிருந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு யூனிட் கேட்டார்கள். "காசு புடுங்கத்தான் கேக்கறாங்க" என்று மாமியார் முணுமுணுத்தார். பொய் சொல்வானேன், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது என்று டாக்டர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். சாதாரண சிசேரியனிலேயே அரை லிட்டர், ஒரு லிட்டர் போகும். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடியிருப்பதால் பலர் தாங்கிக்கொள்வார்கள். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காவிட்டால்தான் வில்லங்கம். குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் (கொடுப்பவர் ரத்தம் இவளுக்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) செய்து பை கைக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். ரிசர்வ் என்பது அந்த முக்கால் மணி நேரத்தை முந்தின நாளே கழித்து வைப்பது.

ஊதா மூடி போட்ட குழாயில் அவள் ரத்தத்தோடு பிளட் பேங்குக்குப் போனேன். இருவருக்கும் ஓ பாசிட்டிவ்தான். சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தால், அங்கிருந்த பெண் சிரிக்கிறார்: "சேட்டன்டெ ரக்தம் சேச்சிக்கு வேண்டா." கணவன் ரத்தம் ஏறினால் மனைவி உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகி, அடுத்த பிள்ளையைப் பாதிக்கக்கூடுமாம். கூடப்பிறந்தவர்கள் ரத்தத்தில் வேறு வகை ஆபத்து. என்னுடையதைப் பொது இருப்பில் வைத்துக்கொண்டு வேறு பையை ஒதுக்கினார்கள். இரண்டாவது ஆளாகக் கூட்டிப்போன மச்சான் வாயில் கள்ளு வாசம் (சித்தூர் தாலுகாவில் இது அதிசயமா?). திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பையைக் கடனாகத்தான் தந்தார்கள்.

ஒரு யூனிட் ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவுக்கு ஏறியது. இன்னொன்று தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டில் கர்ப்பிணிக்கு நெகட்டிவ் குரூப் என்றால் ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள், ஆள் கிடைப்பது கஷ்டம். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசியும் (எதிர்ப்பொருள் உண்டாகாமல் தடுப்பது) போட வேண்டும்.

மச்சான் மூன்றாம் நாள் குளித்து, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டு வந்து அந்தக் கடனை அடைத்தார்.