கேரவன் வண்டியின் கழிவுநீர் டேங்க் ஒழுகினால் சரிசெய்ய முடியுமா, டேங்க்கையே மாற்ற வேண்டுமா?

முடியும். பெரும்பாலான டேங்க்குகளைச் சரிசெய்துவிடலாம். ஆனால் தயவுசெய்து இன்னொரு தடவை எம்-சீலை அப்பாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கழிவறைக்குக் கீழே இருக்கும் டேங்க் சொட்டுகிறது, எம்-சீல் வைத்தால் உரிந்துபோகிறது, காட்டிய இடத்திலெல்லாம் புது டேங்க் போடச் சொல்கிறார்கள். டெம்போ டிராவலரோ பழைய பஸ்ஸோ வாங்கி, உள்ளே கட்டிலும் சமையல் மேடையும் கழிவறையும் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வாடகைக்கு விடுகிற வண்டி என்றாலும் வேலை ஒன்றுதான்.

நான் காரைக்குடியில் பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிறவன். கார் பம்பர், பேட்டரி பெட்டி, மொட்டைமாடி டேங்க் எல்லாம் வரும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடப்பதால் கேரவன்களும் வரும். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று யாராவது சொல்லிக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். டேங்க்கைக் குனிந்துகூடப் பார்க்காமல் அதைச் சொல்கிறார்கள். கடைக்கு ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். அதனால்தான் கடைப் பெயரை எங்கேயும் போடவில்லை. உங்கள் ஊரிலேயே பம்பர் வெல்டிங் தெரிந்த ஆள் கிடைப்பார், அவரிடமே கொடுங்கள்.

எம்-சீல் ஏன் நிற்கவில்லை என்றால், உங்கள் டேங்க் அநேகமாகப் பாலிஎத்திலீன். மொட்டைமாடியில் வைக்கிற கறுப்பு, வெள்ளை டேங்க்கெல்லாம் அதே சாதிதான். அதன் மேல்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. பசை வருகிற டப்பாவையே அந்தப் பிளாஸ்டிக்கில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். எம்-சீல் நல்ல பொருள்தான், இரும்புக் குழாய்க்கு நானே போடுவேன். பாலிஎத்திலீன் மேல் அது ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும், வண்டி நாலு பள்ளத்தில் குதித்ததும் தகடாகக் கழன்று விழும். பிவிசி குழாய்க்குப் போடும் சிமெண்டும் அதில் வேலை செய்யாது. ஃபைபர் கிளாஸ் துணி வைத்து ரெசின் தடவுவதும் அப்படித்தான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடந்தது. படம், கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த கேரவன் ஊருக்கு வெளியே பொட்டலில் நின்றது. பின்சக்கரத்துக்குப் பின்னால் சொட்டி விழுந்து செம்மண் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் மேக்கப் போடுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் தம்பி வழி நெடுக எபாக்ஸி புட்டியை அப்பிக்கொண்டே வந்திருக்கிறார். முந்தின ஊரில் ஒரு மெக்கானிக், புது டேங்க் அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும், அதுவரை வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மேனேஜர் என்னிடம், "அண்ணே, நாளைக்குக் காலையில ஆர்ட்டிஸ்ட் வந்துருவாங்க. எப்படியாச்சும் அடைச்சுக் குடுங்கண்ணே" என்றார்.

"அடைக்க மாட்டேன் சார், வெல்டு பண்ணித் தாரேன். ஆனா டேங்க் காலியா இருக்கணும், கழுவியிருக்கணும். இல்லாம கை வைக்க மாட்டேன்" என்றேன்.

இந்த இடத்தில் நான் கண்டிப்பு. கழிவு டேங்க்கில் மீத்தேன் வாயு இருக்கும், அது தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாறும், அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவார். தண்ணீர் நிரப்பி, அலசி, வெளியேற்றி, தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு வால்வையும் மேலே உள்ள காற்றுக்குழாயையும் திறந்துவைத்து ஊதுகாற்று அடிக்க வேண்டும். கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒரே நேரத்தில் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். உள்ளே தலையை விட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம், யாரையும் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். வண்டி டேங்க் சின்னதுதானே என்று சிலர் வாதாடுவார்கள். வாயுவுக்குச் சின்னது பெரியது தெரியாது.

கழுவி முடித்ததும் நான் வெல்டிங் கன்னை எடுக்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கேட்டேன். டேங்க்கின் விளிம்பில் கத்தியால் நகக்கண் அளவு சீவி எடுத்து அதில் போட்டேன். விரலால் அமுக்கி முக்கிவிட்டேன், மேலே வந்தது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடியும் முக்கினேன், மறுபடியும் மேலே வந்தது. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். ஏபிஎஸ், பிவிசி என்கிற மற்ற இரண்டு ரகப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். அமுக்கிப் பார்க்காமல் சும்மா போட்டால் எந்தத் துணுக்கும் நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதப்பதாகக் காட்டும், அதை நம்பக்கூடாது. மிதக்கிற இரண்டில் எது என்று தெரிய, அந்தச் சீவலை வெட்டவெளியில் டேங்க்கை விட்டுத் தள்ளிப்போய்க் கொளுத்திப் பார்த்தால் பாலிஎத்திலீன் மெழுகுவத்தி வாசம் அடிக்கும். சில டேங்க்குகளில் எந்தப் பிளாஸ்டிக் என்று முத்திரையே குத்தியிருப்பார்கள். இருந்தால் இந்தச் சோதனை தேவையில்லை.

அடுத்தது, எங்கே ஒழுகுகிறது என்பது. சொட்டுகிற இடம் வேறு, விரிசல் வேறு. தண்ணீர் அடிப்பக்கமாக ஓடிவந்து தாழ்வான இடத்தில் சொட்டும். டேங்க்கில் சுத்தத் தண்ணீர் நிரப்பி அதில் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டேன். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து முகப்பவுடரைத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் பவுடர் மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடு ஓடியது. டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டை முடிகிற மூலையில், ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். டிரைவர் அப்பி வைத்திருந்த புட்டி அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

உங்களுக்கு விரிசலே இல்லாமலும் இருக்கலாம். வால்வைப் பாருங்கள். தகடு இழுத்து மூடுகிற வால்வு என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும், அதில் காகிதமோ முடியோ சிக்கினால் கசியும். நாலு போல்ட்டைக் கழற்றி இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். குழாய் டேங்க்குக்குள் நுழைகிற இடத்து ரப்பர் வளையத்தையும் பாருங்கள். இதெல்லாம் சின்னச் செலவில் முடிகிற காரியம்.

விரிசலுக்கு வருகிறேன். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் ஓட்டை போட வேண்டும். ஒழுகுகிற டேங்க்கில் இன்னும் ஓட்டையா என்று மேனேஜர் பதறிப்போனார். அந்த ஓட்டை இல்லாவிட்டால் விரிசல் வெல்டுக்கு அந்தப் பக்கம் நீண்டுகொண்டே போகும். வட்டமான ஓட்டையில் முனையின் இழுவிசை பரவிவிடும், அங்கேயே நின்றுவிடும். பிறகு விரிசல் நெடுகக் கத்தியால் வாய்க்கால் மாதிரி சரிவாகச் செதுக்கி, சுற்றிலும் வெயில் பட்டு வெளிறிய மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தத் தோலை விட்டுவிட்டு வெல்டு செய்தால் பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது முழுசாக உலரும் வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் சூடுகாற்றுத் துப்பாக்கி. பொட்டலில் காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் வண்டியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். பாலிஎத்திலீனுக்குக் காற்றின் சூடு 280, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் கருகும், கருகியது பலம் இல்லாதது. வெல்டிங் கம்பி கண்டிப்பாக அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கம்பி கிடைக்காவிட்டால் அதே ரகப் பழைய டேங்க்கிலிருந்து பட்டையாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கம்பியும் டேங்க்கும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், அதுதான் மொத்தத் தொழிலும். கம்பி மட்டும் உருகி மேலே வழிந்தால் பார்க்க அழகாக இருக்கும், நகத்தால் நிமிண்டினால் கழன்று வரும். அந்த டேங்க் வெள்ளை. உருகுகிற இடம் பால் நிறம் மாறித் தெளியும், உள்ளே வெளிச்சம் போகும். அந்தத் தெளிவு இரண்டிலும் தெரிகிற கணத்தில் கம்பியை நெட்டுக்குத்தலாக அமுக்கிக்கொண்டே நகர வேண்டும். கறுப்பு டேங்க் என்றால் தெளிவு தெரியாது, மினுமினுப்பைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். முதல் வரிசைக்கு மேல் எவர்சில்வர் வலைத் துண்டைச் சூடாக்கிப் பதித்து, அதன் மேல் இன்னொரு பூச்சு. ஆறவைக்கத் தண்ணீர் ஊற்றக்கூடாது, தானாக ஆற வேண்டும். மறுநாள் வரை தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தோம். பவுடர் காய்ந்தே இருந்தது.

விரிசல் வந்த காரணத்தைச் சரிசெய்யாமல் விட்டால் பக்கத்திலேயே அடுத்தது வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் டேங்க் நிறைந்தால் 150 கிலோ, அதை இரண்டு ஒல்லிப் பட்டை தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு எல்-ஆங்கிளில் சட்டம் அடித்து, டேங்க்கும் இரும்பும் உரசாமல் இடையில் ரப்பர் ஷீட் வைத்தோம். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். டேங்க்கை நிறைத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் ஓட்டாதீர்கள்.

ஏபிஎஸ் டேங்க்கை ஒட்டலாமே என்று ஒருவர் வருவார். ஆமாம், ஒட்டலாம். துணுக்கு மூழ்கி அது ஏபிஎஸ் என்று தெரிந்தால் ஏபிஎஸ் சிமெண்டும் அதே பிளாஸ்டிக்கில் ஒரு ஒட்டுத் துண்டும் போதும், ஃபைபர் கிளாஸும் பிடிக்கும். தீக்கொழுந்து காட்டிவிட்டுப் பாலிஎத்திலீனையும் ஒட்டலாம் என்று இன்னொருவர் சொல்வார். அதுவும் உண்மைதான், ஆனால் கழிவு டேங்க் பக்கத்தில் தீக்கொழுந்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எவர்சில்வர் டேங்க் என்றால் கழற்றி ஆர்கான் வெல்டிங் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு டேங்க்கைக் காலி செய்யச் சொன்னதும் டிரைவர் குனிந்து வால்வில் கை வைத்துவிட்டார். வண்டி நின்றது ஊருணிக்குத் தண்ணீர் போகிற வரத்துக்கால் ஓரம். நான் போய்க் கையைப் பிடித்தேன். "எல்லா ஊர்லயும் இப்படித்தான்ணே திறந்து விடுவோம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வேறு வழி யாரும் செய்து கொடுக்கவில்லை. உரிமம் உள்ள கழிவுநீர் லாரியைக் கூப்பிடச் சொன்னேன். மேனேஜர் அதற்குக் கணக்குப் பார்த்தார். அந்தப் பணம் எவ்வளவு? அவர்கள் ஒரு வேளைக்கு வாங்குகிற இளநீர்க் காசு வருமா?

எங்கள் ஊர் வறண்ட பூமி. வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத்தண்ணீரை நம்பித்தான் ஊரையே அமைத்தார்கள். ஓட்டிலிருந்து முற்றத்தில் விழுகிற தண்ணீர், தெருவில் ஓடுகிற தண்ணீர், எல்லாவற்றுக்கும் வழி வகுத்து ஊருணியில் சேர்த்தார்கள். குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று பிரித்துக்கூட வைத்திருந்த ஊர்கள் உண்டு. செம்புரான்கல் படிக்கட்டில் இறங்கி அப்பத்தாமார்கள் குடத்தில் மொண்டு வந்த தண்ணீர் அது. 2014-இல் எங்கள் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வரட்டும், எங்களுக்கும் பிழைப்பு. அந்த வீட்டைக் கட்டிய ஆட்கள்தான் ஊருணியையும் வெட்டினார்கள். வீட்டுக்கு நாள் வாடகை கொடுத்துவிட்டு ஊருணியில் மலத்தைத் திறந்துவிடுவது என்ன நியாயம்? ஊர்க்காரர்களே கட்டடக் குப்பையைக் கொட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அதையும்தான் கேட்கிறேன், ஊரிலும் அதனால் எனக்கு மனஸ்தாபம் உண்டு.

நீங்கள் வண்டியோடு வந்தால் தங்குகிற இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா, அதில் உங்கள் டேங்க் கழிவை இறக்க விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

டம்ளர் சோதனையைச் செய்துவிட்டு மிதந்ததா மூழ்கியதா என்று எழுதுங்கள். விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போட்டால் எந்தக் கம்பி, எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறேன்.