அரிசியா, பட்டாணியா, கஷ்கொட்டையா? வீட்டு நிலக்கரி பாய்லர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டு எண்ணெய் பாய்லருக்கு வயதாகிவிட்டது. வீட்டைச் சூடாக்க மட்டும் ஒரு குளிர்காலத்துக்கு 3,000 லிட்டர் எண்ணெய் போகிறது. அந்த்ரசைட் என்ற கடினமான, புகை வராத நிலக்கரிக்கு மாறலாம் என்று இருக்கிறோம். தானாகக் கரி ஊட்டும் ஸ்டோக்கர் வாங்கி ரைஸ் அளவு கரி போடுங்கள் என்கிறார் ஒருவர். கையால் போடும் பாய்லரில் நட் அளவுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். பழைய பாய்லரின் தகட்டில் மணிக்கு 1,50,000 பிடியூ (வெப்ப அலகு) என்று போட்டிருக்கிறது. அதே சக்தியில் எடுத்தால் சரிதானே?

பதில்: பாய்லரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் கரியைத் தேடப் போகாதீர்கள். முதலில் உங்களுக்குக் கரி கொடுக்கப்போகிறவரிடம் எந்த அளவு குளிர்காலம் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் என்று கேளுங்கள், ஒருவரிடம் மட்டுமல்ல, இரண்டு மூன்று பேரிடம். எவ்வளவு நல்ல பாய்லராக இருந்தாலும் அதற்கான அளவு கரி பாதிக் குளிர்காலத்தில் தீர்ந்துபோனால் அது வெறும் இரும்புதான்.

இந்தப் பெயர்கள் பென்சில்வேனியா அந்த்ரசைட் வியாபாரத்தில் வழங்குபவை. ரைஸ் என்றால் 5 முதல் 8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரிசிதான். பக்வீட் 8 முதல் 14. பீ, அதாவது பட்டாணி, 14 முதல் 21. நட் என்பது கஷ்கொட்டை, 21 முதல் 41. அதற்கும் மேலே ஸ்டவ் என்று ஒன்று, 62 வரை போகும். வேறு நாடுகளில் பெயர் மாறும், அதனால் விற்பவரிடம் பெயரைச் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேட்பது பாதுகாப்பு.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த்ரசைட்டுக்குக் காற்று கீழிருந்துதான் வரவேண்டும், கரித்துண்டுகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் அது மேலே ஏற முடியும். கையால் போடும் பாய்லரில் ரைஸ் கரியைக் கொட்டினால் பாதி சல்லடைத் தட்டு வழியாகச் சாம்பல் பெட்டிக்குள் விழும், மீதி காற்றை அடைத்து நெருப்பை மூச்சுத்திணற வைக்கும். மாறாக, ஆழமில்லாத அடுப்பில் ஸ்டவ் அளவு போட்டால் சந்து பெரிதாகி, காற்று கரியோடு உறவாடாமல் ஓடிவிடும், துண்டுகள் ஒன்றையொன்று சூடாக்காமல் நெருப்பு அணையும். ஸ்டோக்கரில் வேறு தொல்லை. கரியைத் தள்ளும் அதன் திருகு குறிப்பிட்ட அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது, ஒரு பெரிய துண்டு மாட்டினாலும் திருகைக் காக்க வைத்த ஷியர் பின் என்ற ஆணி முறியும், விடியற்காலையில் வீடு சில்லிட்டுக் கிடக்கும். ஆகவே தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுதான், அதில் பேரம் இல்லை.

இப்போது சக்திக்கு வருவோம், இதில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். பழைய பாய்லரின் தகட்டைப் பார்க்காதீர்கள், எரித்த எண்ணெயைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 கிலோவாட்மணி. 3,000 லிட்டரில் 30,000, அதில் 80 சதவீதம் வீட்டுக்குள் வந்தது என்று வைத்தால் 24,000. சூடாக்கும் காலம் 200 நாள் என்றால் சராசரியாக வெறும் 5 கிலோவாட்! கடுங்குளிர் நாளில் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 12 அல்லது 13. கொஞ்சம் கூட்டி 15 கிலோவாட், பிடியூவில் சுமார் 50,000. உங்கள் தகட்டில் இருப்பது அதைப்போல் மூன்று மடங்கு. எண்ணெய் பாய்லர் பெரிதாக இருந்தால் அடிக்கடி அணைந்து எரியும், அவ்வளவுதான். நிலக்கரி அப்படி நின்று நின்று எரியாது. கையால் போடும் பாய்லர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், மிதமான நாளில் நெருப்பை மிகவும் அடக்க வேண்டியிருக்கும், அடக்கினால் அணையும். ஸ்டோக்கர் இந்த விஷயத்தில் தாராளம், ஒரு கைப்பிடி நெருப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கும். நல்ல ஜன்னல், கூரைக்கு வெப்பக் காப்பு இதையெல்லாம் செய்யப் போகிறீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள், பாய்லர் இன்னும் சிறிதாகும்.

கரிக்கணக்கு: ஒரு கிலோ நல்ல அந்த்ரசைட்டில் சுமார் 8 கிலோவாட்மணி, பாய்லர் அதில் முக்கால் பங்கைத் தந்தால் 6. ஆக உங்களுக்கு வருடத்துக்கு சுமார் 4 டன். சராசரி நாளில் 20 கிலோ, மிகக் குளிரான நாளில் 50 கிலோ. சாம்பல் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 400 கிலோ சாம்பலை நீங்கள்தான் வாளியில் தூக்கப் போகிறீர்கள். முதுகு ஒத்துழைக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், நான் இதைத் தீவிரமாகவே சொல்கிறேன். வீட்டில் ஒருவராவது தினம் இருமுறை பாய்லரிடம் போக முடியும் என்றால் கையால் போடுவது நல்லது, எளிமையானது, புகைபோக்கியின் இயற்கை இழுப்பில் ஓடுவதை எடுத்தால் மின்சாரம் இல்லாமலும் எரியும். வெளியூர்ப் பயணம் அதிகம் என்றால் ஸ்டோக்கர்தான், அதற்கு ரைஸ் அல்லது பக்வீட்.

கேள்வி: மின்சாரம் போனால் பாய்லர் வெடித்துவிடுமா?

பதில்: முறையாகப் பொருத்தினால் வெடிக்காது, ஆனால் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கரி சுவிட்ச் போட்டு அணைப்பது அல்ல. நீரைச் சுற்றவிடும் பம்பு நின்றதும் பாய்லருக்குள் இருக்கும் சூடு போக இடம் வேண்டும். அதற்குப் பம்பு இல்லாமல் இயற்கையாக நீர் மேலேறிச் சுற்றும் ஒரு ரேடியேட்டர் வளையத்தை, மின்சாரம் போனால் தானாகத் திறக்கும் வால்வோடு வைக்கச் சொல்லுங்கள். அழுத்த நிவாரண வால்வின் குழாயை ஆள் நடமாடாத பக்கம் இறக்குங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்கவே விடாதீர்கள். கூடவே, திரும்பி வரும் நீர் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உள்ளே ஈரம் படிந்து இரும்பு அரிக்கும், அதைத் தடுக்க, திரும்பும் நீரில் சூடான நீரைக் கலக்கும் ஒரு கலவை வால்வைத் தனியாகப் போடுவார்கள்.

கேள்வி: புதுக் கரி போட்டதும் சில நிமிடம் கழித்துப் ‘புஸ்’ என்று ஒரு சிறு வெடிப்பு, கதவே அதிர்கிறது. கரி மோசமா?

பதில்: கரி மோசம் இல்லை, போடும் விதம்தான். நானும் முதல் வருடம் சிவந்த நெருப்பு முழுவதையும் புதுக் கரியால் மூடினேன், அதே சத்தம், சாம்பல் தூசி அறை முழுக்க. சூடான கரியிலிருந்து எரிவாயு கிளம்பும். அதைப் பற்றவைக்க மேலே சுடர் எதுவும் இல்லாவிட்டால் அது உள்ளே சேர்ந்துகொண்டே போய், கடைசியில் ஒரே அடியாகப் பற்றும். ஒரு மூலையில் சிவந்த கரியைத் திறந்தபடி விட்டுவிடுங்கள். அங்கே நீலச்சுடர் ஆடிக்கொண்டிருக்கும் வரை வாயு உடனுக்குடன் எரிந்துவிடும். மேலிருந்து கம்பியால் கிளறவும் வேண்டாம், விறகுப் பழக்கம் இங்கே நெருப்பைக் கெடுக்கும். சல்லடையைக் கீழிருந்து ஆட்டுங்கள், சிவந்த துணுக்குகள் விழ ஆரம்பித்ததும் நிறுத்துங்கள்.

கேள்வி: புகை வரும் சாதா நிலக்கரி மலிவாகக் கிடைக்கிறது. அதையே போடலாமா?

பதில்: உங்கள் பாய்லர் அந்த்ரசைட்டுக்கானது என்றால் வேண்டாம். சாதா கரியில் ஆவியாகும் பொருள் அதிகம், சூட்டில் இளகி ஒட்டிக் கட்டிதட்டும், கரும்புகை புகைபோக்கியில் படியும். சட்டத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் இந்த வகைக் கரியை வீடுகளுக்கு மூட்டையில் விற்பதை 2021 மே மாதத்திலும், உதிரியாக விற்பதை 2023 மே மாதத்திலும் நிறுத்திவிட்டார்கள். அங்கே அந்த்ரசைட்டுக்குத் தடை இல்லை.

கேள்வி: அந்த்ரசைட்டில் புகையே இல்லையே, கார்பன் மோனாக்சைடு அலாரம் எதற்கு?

பதில்: புகை இல்லாததால்தான் அது அவசியம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, புகைபோக்கி அடைத்தால் உங்கள் மூக்கு எதையும் சொல்லாது. பாய்லர் அறைக்கு அருகே ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று, இரண்டு அலாரங்களையும் பாய்லர் வரும் முன்பே வாங்கி மாட்டுங்கள். வசந்தத்தில் நெருப்பை நிறுத்திய அதே வாரம் புகைக்குழாயைக் கழற்றிச் சாம்பலைத் துடைத்து எடுங்கள். கோடை ஈரத்தோடு அந்தச் சாம்பல் சேர்ந்தால் அமிலமாகிக் குழாயைத் தின்னும், ஓட்டை விழுந்த குழாய் வழியாக வாயு வீட்டுக்குள்ளேதான் வரும்.