குன்னூர்–ஊட்டி சாலையில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வர, கார்களுக்கு நடுவே எப்படி ஓட்டுவது?

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. எனவே குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போனால் காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். இரண்டுக்கும் ஓட்டும் முறை வேறு.

ஏறும்போது வேகம் குறைவு, ஹேண்டில் ஆடும். சாலை ஓரத்திலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். ஓரத்தை ஒட்டிப் போனால் ஒதுங்க இடமிருக்காது, காரும் உரசிக்கொண்டு முந்தும்.

இறக்கத்தில், வளைவு நெருங்கும்போது பின்னால் பார்த்து, கை காட்டி, உங்கள் பக்கத் தடத்தின் நடுவுக்கு வாருங்கள். பார்வை மறையும் இடத்தில் பின்னால் வரும் காரின் முந்தும் ஆசையை அதுதான் தடுக்கும். வளைவு முடிந்ததும் இடதுபுறம் ஒதுங்கி வழிவிடுங்கள். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை.

பஸ், லாரி திரும்பும்போது அதன் உட்பக்கம் நுழையவே கூடாது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்ளே வெட்டி வரும். டிரைவருக்கு அங்கே நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். அது கடக்கும்வரை பின்னால் நில்லுங்கள், அரை நிமிடம்தான்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது ஈரத்தில் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும். விட்டு விட்டு, முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது. முன்கூட்டியே லேசாக உரசவிட்டு ஈரத்தைத் துடையுங்கள். கட்டையில் உள்ள காடி (பள்ளக்கோடு) தேய்ந்து மறைந்தால் அன்றே மாற்றுங்கள்.

மூடுபனியில் பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு எரியட்டும். கறுப்பு ஸ்வெட்டருக்கு மேல் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை அவசியம்.